ஆதித்தனுக்கு எதிரே ஆதித்தன்

சிவகங்கை மாவட்டத்தில் கூண்டுக்குள் இறங்கி அடித்துக்கொள்ளும் பிள்ளைகளில் யார் முதல், யார் இரண்டாவது என்று தரவரிசை போடுகிறவர் தன் வாழ்நாளில் ஒரு சண்டையைக்கூட நேரில் பார்த்ததில்லை. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சரவணக்குமார் பத்தருக்கு அதில் வெட்கம் கிடையாது, பெருமைதான். காரைக்குடி செக்காலையில் நகைப்பட்டறை வைத்திருக்கிறார். உரைகல்லில் உரசும்போது நகை கொண்டுவந்தவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று தொழிலில் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். முகத்தைப் பார்த்தால் மனசு சாயுமாம். அந்தக் கட்டுப்பாட்டை அப்படியே தூக்கி எம்.எம்.ஏ. என்கிற இந்தக் கூண்டுச் சண்டையிலும் வைத்துவிட்டார்.

அவர் இதற்குள் வந்ததே ஒரு வம்பினால்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் மாவட்டச் சங்கம் தொடங்கியபோது ஒவ்வொரு பயிற்சிக்கூடத்துக்காரரும் தன் பையன்தான் முதல் என்று எழுதிக் கொடுத்தார். ஐந்து கூடம், ஐந்து முதலிடம். கடைசியில், பட்டறைக்கு மேல்மாடியில் பயிற்சிக்கூடம் நடத்துகிற கிருஷ்ணப்ரியா, “எங்க கீழ்வீட்டு அண்ணனுக்கு எந்தக் கூடமும் தெரியாது, எந்தப் பையனையும் தெரியாது. கணக்கு மட்டும் தெரியும்” என்று சொல்லி இவரைப் பிடித்துப் போட்டாள். அன்றிலிருந்து மதிப்பெண் தாள்கள் இவருக்கு வரும். வீழ்த்தியோ, பிடி போட்டு எதிராளியைத் ‘தோற்றேன்’ என்று தரையில் தட்ட வைத்தோ ஜெயித்தால் பத்துப் புள்ளி. நடுவர் தீர்ப்பில் ஜெயித்தால் ஏழு. தீர்ப்பில் தோற்றால் நின்று ஆடியதற்காக இரண்டு. ஆளை மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதும் அவ்வளவுதான், யார் சிபாரிசும் செல்லாது.

இந்த டிசம்பரில் எழுபது கிலோ பிரிவுக்கு அவர் போட்ட பட்டியலில் முதலிடம் சிங்கம்புணரி சதீஷ்குமார், நாற்பத்தொரு புள்ளி. இரண்டாமிடம் சுப. ஆதித்தன், காரைக்குடி, இருபத்தொன்பது. மூன்றாமிடம் அரு. ஆதித்தன், கானாடுகாத்தான், இருபத்தேழு. முதலிடத்துக்கு ‘ஆண்டின் சிறந்த வீரர்’ விருது. விருதைவிடப் பெரிது, அதோடு வரும் மாநிலப் பயிற்சி முகாம். மாவட்டத்துக்கு ஒரே ஒரு இடம்.

இரண்டு ஆதித்தன் இருப்பது பத்தர் கண்ணை உறுத்தவில்லை. உறுத்தாது. இந்த ஊரில் பெயரை நம்பி ஆளைப் பிடிக்க முடியாது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்து, அதே பெயரைப் பங்காளி வீட்டுப் பேரனுக்கும் வைத்து, செட்டியார் வீடுகள் உள்ள தெருவில் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். பெயருக்கு முன்னால் நிற்கிற எழுத்துதான் ஆள். நகையில் முத்திரை அடிக்கும்போதும் பத்தர் அந்த எழுத்தைத்தான் இரண்டு தடவை கேட்டுக்கொள்வார்.

போதாக்குறைக்கு இந்த இரண்டு ஆதித்தனைப் பற்றியும் அவருக்குத் தனித்தனி அபிப்பிராயம் வேறு இருந்தது. சுப. ஆதித்தன் ஜூன் வரைக்கும் நாலு சண்டை போட்டவன். அதற்கப்புறம் ஆளைக் காணோம். ‘நல்ல கை, ஆனால் சோம்பேறி’ என்று பட்டியல் ஓரத்தில் குறித்து வைத்திருந்தார். அரு. ஆதித்தன் ஜூலையில் திடீரென்று முளைத்து மூன்று சண்டையில் மூன்றையும் ஜெயித்தவன். அவனுக்குச் ‘சிறந்த புதுமுகம்’ விருது கொடுக்கலாம் என்று சிபாரிசே எழுதிவிட்டார். யார் சிபாரிசும் செல்லாது என்பது மற்றவர்களுக்குத்தான்.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஐந்து புள்ளிக்குள் வித்தியாசம் இருந்தால், இருவரும் ஒருமுறை மோதித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியவரும் அவரே. ஆகவே இரண்டு வீட்டுக்கும் கடிதம் போனது. இருபத்தொரு வயதுக்குக் கீழே என்றால் பெற்றவர் கையெழுத்து வேண்டும். இரண்டு படிவமும் ஒரு வாரத்தில் ஒழுங்காகத் திரும்பி வந்தன. காரைக்குடிப் படிவத்தில் ‘தேனம்மை’ என்று கையெழுத்து மட்டும். கானாடுகாத்தான் படிவத்தில் ‘விசாலி’ என்று கையெழுத்து, அதன் கீழே, ‘பையனுக்கு மூக்கில் அடிபடாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று ஒரு வேண்டுகோள். பத்தர் திருப்தியாகச் சண்டையைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தார்.

பத்து நிமிஷத்தில் மேல்மாடியிலிருந்து கிருஷ்ணப்ரியா போன் செய்தாள்.

“அண்ணே, குரூப்ல ஒரு சண்டை போட்டிருக்கீகளே, அது யாருக்கும் யாருக்கும்?”

“ஆதித்தனுக்கும் ஆதித்தனுக்கும்.”

“ரெண்டு பேரும் இங்க என் முன்னாடிதான் உக்காந்திருக்காக. ஒரே பாய்ல. ஒரே தண்ணி பாட்டில்ல குடிச்சுக்கிட்டு.”

“நல்லது. சண்டைக்கு முன்னாடி பகை வேணாம்.”

“அண்ணே!” அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ஒரு ஆள்தாண்ணே. ரெண்டும் ஒரே ஆளு. ஆனி மாசம் இவனக் கானாடுகாத்தான் வீட்டுக்குப் பிள்ளை கூட்டிட்டாக. சுப்பையா செட்டியார் மகன், அருணாசலம் செட்டியார் மகனாயிட்டான். எழுத்து மாறிப் போச்சு. நான் ஜூலை தாள்ல அடிக்குறிப்பு எழுதினேனே, பாக்கலையா?”

பத்தர் அடிக்குறிப்பைப் படிக்கிறதில்லை. கட்டத்துக்குள் இருப்பதை மட்டும்தான் படிப்பார். பிள்ளை கூட்டுவது அவருக்குத் தெரியாத சங்கதியும் இல்லை. வாரிசு இல்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டுப் பிள்ளையை, வளர்ந்த ஆளாகவே இருந்தாலும், முறைப்படி மகனாகக் கொடுப்பார்கள். எத்தனை வீட்டுக்கு அந்த விசேஷத்துக்கு மோதிரம் செய்து கொடுத்திருக்கிறார்! ஆனால் அந்த வழக்கம் தன் பட்டியலுக்குள் புகுந்து ஒருவனை இரண்டாகப் பிளக்கும் என்று அவர் எங்கே கண்டார்? சோம்பேறி என்று குறித்ததும் புதுமுகம் என்று குறித்ததும் ஒரே ஆளை. மாவட்டம் பூராவும் பார்க்க, ஒருத்தனை அவனோடேயே மோத விட்டிருக்கிறார். குழுவில் அதற்குள் ஒருவர், ‘யார் ஜெயித்தாலும் ஆதித்தனுக்கு வாழ்த்துகள்’ என்று போட்டிருந்தார்.

அன்று மாலை கூட்டிப் பார்த்தார். இருபத்தொன்பதும் இருபத்தேழும் ஐம்பத்தாறு. சதீஷ்குமாருக்கு நாற்பத்தொன்று. ஒரே ஆள் என்றால் ஆதித்தன்தான் முதல், முகாமும் அவனுக்கே. கணக்கு அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் எந்த ஆதித்தன் என்று எழுதுவது? வருஷக் கடைசியில் பெற்றவர் கையெழுத்தோடு வருகிற படிவத்தில் என்ன பெயரோ, அதுதான் பட்டியலில் பெயர் என்பது விதி. படிவம் இரண்டு வந்திருக்கிறது. பெற்றவர் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒன்றை ஏற்றால் இன்னொன்று பொய்யாகிறது. இரண்டையும் ஏற்றால் ஆதித்தன் பழையபடி இரண்டாகிவிடுவான். முதலிடம் சதீஷ்குமாருக்குப் போய்விடும். பத்தர் மூன்று பட்டியல் எழுதி மூன்றையும் கிழித்தார். அவர் மனைவி நாகவல்லி, “யாருக்குக் கல்யாணப் பத்திரிகை எழுதுறீக?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் அவர் கட்டுப்பாட்டை மீறி, ஆதித்தனையே பட்டறைக்கு வரச் சொன்னார். வந்தவனுக்கு இருபது வயசு. இடது காது பிடிச்சண்டையில் நசுங்கித் தடித்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான்.

“தம்பி, உன் பேரு என்ன?” என்றார் பத்தர். கேட்ட பிறகு அவருக்கே அபத்தமாக இருந்தது.

“ஆதித்தன்ணே.”

“அது தெரியும். முன்னால?”

அவன் உரைகல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “அதை என்னயக் கேட்டா எப்படிண்ணே? முறைப்படி அரு.தான். ஆனா சோதனைக்குக் கையெழுத்துப் போட்டுப் பாத்தா, கை முதல்ல சுப.ன்னுதான் போகுது. அங்குட்டுப் போனா அந்த ஆத்தா, சாப்பிட்டியா, மூக்கக் காட்டுன்னு பின்னாலயே வராக. நல்லவுகண்ணே அவுக. இங்குட்டு வந்தா எங்க ஆத்தா...” நிறுத்தினான். “எங்க ஆத்தா ‘எப்ப வந்தீக’ங்கிறாக.”

“என்ன தப்பு?”

“‘எப்படா வந்தே’ன்னுதாண்ணே இருபது வருஷமாக் கேட்டாக. இப்ப வேற வீட்டுப் பிள்ளையாம், மரியாதை குடுக்கணுமாம்.” காதைத் தடவிக்கொண்டான். “எந்தப் பேருலயாச்சும் போடுங்க. எனக்கு முகாமுக்குப் போகணும். அது ஒண்ணுதான் எனக்குத் தெளிவாத் தெரியுது.”

அவன் போன பிறகு பத்தருக்கு முன்பைவிடக் குழப்பம் கூடியது. முகத்தைப் பார்க்கக் கூடாது என்று வைத்திருந்தது எவ்வளவு நல்ல வழக்கம் என்று தன்னையே மெச்சிக்கொண்டார். இனி அது பயன்படாது என்றும் தெரிந்தது.

மூன்றாம் நாள் முற்பகலில் தேனம்மை ஆச்சி பட்டறைக்கு வந்தார். ஆதித்தனைப் பெற்றவர். கணவர் சுப்பையா செட்டியார் போய் இரண்டு வருஷமாகிறது. மூத்த மகன் நாராயண் பெங்களூரில் இருக்கிறான். நகை எதுவும் கொண்டுவரவில்லை. கையில் சங்கம் அனுப்பிய கடிதத்தின் உறை இருந்தது.

“பத்தரே, நான் போட்டது கள்ளக் கையெழுத்து,” என்றார் எடுத்த எடுப்பில்.

“அப்படியெல்லாம் சொல்லாதீக, ஆச்சி. உக்காருங்க.”

“கொடுத்த பிள்ளைக்குக் கையெழுத்துப் போட எனக்கு என்ன பாத்தியதை? தெரிஞ்சுதான் போட்டேன். ஆறு மாசமா எங்க வீட்டுக்கு அவன் பேருல ஒரு காயிதம் வரல. பேங்கு, காலேஜு எல்லாம் அங்குட்டு மாத்திட்டாக. அன்னைக்குத் தபால்காரர் குடுத்தாரு. ‘பெறுநர், சுப. ஆதித்தன்’னு போட்டிருந்துச்சு.” உறையை மேஜைமேல் வைத்து ஒரு விரலால் நேராக்கினார். “அவனப் பெத்த அப்பச்சி பேரோட எழுத்து. அதைப் பாத்ததும் கையி போட்டிருச்சு. நீங்க ஒண்ணு செய்ய முடியுமா? அந்த ரெண்டாவது எடம் இருக்கு பாருங்க. அதை அப்படியே விட்டுவைக்க முடியுமா? முதலிடமெல்லாம் வேணாம். சும்மா அங்க இருந்துட்டுப் போகட்டும்.”

பத்தருக்குச் சொல்ல மனசு வரவில்லை. சொல்லாமலும் முடியாது. “விட்டுவைக்கலாம், ஆச்சி. ஆனா விட்டுவச்சா தம்பிக்கு முகாம் கிடையாது. ரெண்டு புள்ளியையும் சேத்தாத்தான் அவன் முதல். சேத்தா ஒரு பேருதான் நிக்கும்.”

தேனம்மை ஆச்சிக்கு இது புதுச் செய்தி. உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வெளியே தேவகோட்டை பஸ் ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே போனது.

“அப்பச் சேத்துருங்க,” என்றார். “அங்குட்டு எழுத்துலயே போடுங்க. விசாலி பாவம், அவளுக்கும் ஒரு நாள் மேடையேறணும்ல.”

“ஆச்சி...”

“ஒண்ணே ஒண்ணு. இவனக் குடுத்த அன்னைக்கு வீடு கொள்ளாத கூட்டம். பங்காளிக எல்லாரும் சம்மதமா சம்மதமான்னு ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கிட்டாக. மூத்தவனக் கேட்டாக, என் கொழுந்தனாரக் கேட்டாக. என்னயக் கேக்க மறந்துட்டாக. நானும் அடுப்படியில பந்திக்கு அனுப்பிக்கிட்டு நின்னேன். வெளிய வந்து பாத்தா எல்லாம் முடிஞ்சிருச்சு.” எழுந்து முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். “நீங்க அந்தப் பேர அடிக்கும்போது எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அடிங்க. போன்ல சொன்னாப் போதும். வேணாம்னு சொல்ல மாட்டேன்.”

பத்தர் எழுந்து நின்று, சொல்லாமல் அடிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார்.

விருது விழா டிசம்பர் கடைசி ஞாயிறு காலை பத்து மணிக்கு, கல்லூரிச் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில். மணமேடையில் கோப்பைகள், பந்தி நடக்கும் கூடத்தில் கூண்டு. பத்தர் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். பட்டியலில் எல்லாம் எழுதியாகிவிட்டது, அந்த ஒரு கோடும் கூட்டலும் தவிர. ஒன்பதே காலுக்குத் தேனம்மை ஆச்சிக்குப் போன் செய்தார். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஒன்பதே முக்காலுக்கு மறுபடி. பத்தேகாலுக்கு மறுபடி. ஆதித்தன் முன்வரிசையில் கறுப்புச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் விசாலி ஆச்சி, பட்டுப்புடவையில், கூண்டு இருக்கும் திசையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறப்பு விருந்தினருக்குப் பதினொரு மணிக்குத் திருப்பத்தூரில் இன்னொரு விழாவாம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மைக்கைப் பிடித்திருந்த கிருஷ்ணப்ரியா மேடை ஓரத்துக்கு ஓடிவந்தாள்.

“அண்ணே, பட்டியலக் குடுங்க.”

“அஞ்சு நிமிஷம்மா. ஒரு போன் வரணும்.”

“போனா? அவுக கெளம்புறாகண்ணே. விருது குடுக்க ஆளில்லாமப் போயிரும். குடுங்க.”

பத்தர் இன்னொரு முறை போன் செய்து பார்த்தார். எடுக்கவில்லை. கிருஷ்ணப்ரியா கை நீட்டியபடி நின்றாள். விருந்தினர் எழுந்து துண்டைச் சரிசெய்துகொண்டார். பத்தர் பேனாவைத் திறந்தார். ‘சுப. ஆதித்தன், காரைக்குடி, 29’ என்பதன் மேல் ஒரு கோடு. கீழே இருபத்தேழோடு இருபத்தொன்பதைக் கூட்டி, ஐம்பத்தாறு என்று எழுதி, ஒன்று என்று எண் போட்டார். வாக்குக் கொடுத்த மனுஷன் செய்கிற காரியமா இது? அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. தாளை அவள் பிடுங்கிக்கொண்டு போனாள்.

சிறந்த பிடி, சிறந்த புதுமுகம் என்று ஒவ்வொன்றாக வாசித்தாள். புதுமுகம் இப்போது வேறு ஒரு பெண் பிள்ளைக்குப் போயிருந்தது. கடைசியில் மூச்சை இழுத்துப் பிடித்து, “ஆண்டின் சிறந்த வீரர்... அரு. ஆதித்தன், கானாடுகாத்தான்!” என்றாள். மண்டபம் அதிர்ந்தது. சிங்கம்புணரிக்காரர்கள் முகம் தொங்கியது, ஆனால் சதீஷ்குமார் எழுந்து போய் ஆதித்தனைக் கட்டிப்பிடித்தான். ஆதித்தன் விசாலி ஆச்சியின் கையைப் பிடித்து மேடையேற்றினான். கோப்பையை வாங்கியதும் அவன் கண் கூட்டத்தில் வரிசை வரிசையாகத் தேடியது. தேடிய ஆள் வரவில்லை. வாசித்து முடித்த தாள் பத்தர் மடிக்குத் திரும்பி வந்திருந்தது.

அப்போதுதான் போன் அடித்தது.

“பத்தரே, கூப்பிட்டிருக்கீக போல. கொப்புடையம்மன் கோயிலுக்குப் போயிட்டேன். இன்னைக்குன்னு தெரியும்ல, அதான் போனேன். போன வீட்டுலயே வச்சுட்டேன்.” தேனம்மை ஆச்சிக்கு இரைத்தது, நடையில் வந்திருப்பார் போல. “அடிச்சுட்டீகளா?”

பத்தர் மடியில் கிடந்த தாளைப் பார்த்தார். மேடையில் இன்னும் கைதட்டல் ஓயவில்லை. நாற்பத்தாறு வயசில், தங்கத்தில் ஒரு நாளும் பொய் சொல்லாத வாய், யோசிக்காமல் சொன்னது.

“இல்ல, ஆச்சி. இனிமேத்தான்.”

“அது என்ன சத்தம்?”

“யாருக்கோ கை தட்டுறாக.” மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். “ஆச்சி, சுப. ஆதித்தன் பேர அடிக்கப் போறேன். உங்களுக்குச் சம்மதமா?”

போனில் ஒன்றும் கேட்கவில்லை. வைத்துவிட்டாரோ என்றுகூடப் பார்த்தார். வைக்கவில்லை.

“சம்மதம்,” என்றார் தேனம்மை ஆச்சி. “அடிங்க.”

பத்தர் தாளைத் தூணில் வைத்து, ஏற்கனவே அடித்திருந்த கோட்டின் மேலேயே பேனாவை வைத்து, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் மெதுவாக இன்னொரு முறை அடித்தார்.

“அடிச்சுட்டேன், ஆச்சி.”

“அதுல எம்புட்டு இருந்துச்சு?”

“இருபத்தொன்பது.”

“ஒண்ணும் கொறையாம அங்குட்டுப் போய்ச் சேந்துருச்சா?”

பத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு எண்ணையும் மறுபடி கூட்டிப் பார்த்தார். “ஒண்ணும் கொறையல, ஆச்சி,” என்றார்.